உவரிக் கரையின் ஏழாம் பாடல்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று நானும் என் தோழி ஜெபமணியும் ஒரு பழைய இசைத்தொகுப்பை முழுமையாகக் கேட்டு வாதிடுவோம். 'உவரிக் கரை' என்ற தொகுப்பைப் பற்றிய வழக்கு மட்டும் முப்பது ஆண்டுகளாகத் தீரவில்லை. அதன் ஏழாம் பாடலில், சரணம் முடிவதற்கு அரைத் தாளம் முன்னதாகவே வயலின் நுழைந்துவிடும். அது பிழை என்பது என் கட்சி. வாசித்தவர் ஜெபமணியின் காலஞ்சென்ற கணவர் தேவசகாயம். ஆகவே அவள் ஒப்பமாட்டாள்.

"அது தப்பு இல்லட்டி, அவசரம். கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் முந்தி வந்து நின்னவுக அவுக."

இம்மாதம் அப்பாடலில் வயலின் சரியான இடத்தில் நுழைந்தது. பழைய பதிவுகள் அனைத்தும் தாமாகவே திருத்தப்பட்டன என்றும், முந்தைய வடிவங்கள் எங்கும் சேமிக்கப்படவில்லை என்றும் நாங்கள் பாட்டுக் கேட்கும் செயலியின் திரையில் அறிவிப்பு வந்தது.

"ஏட்டி, நீ ஜெயிச்சிட்ட," என்றாள் ஜெபமணி. மூன்று முறை திரும்பக் கேட்டாள். "இது அவுக இல்ல. வேற எவனோ ஒழுங்கா வாசிக்கான். கேக்கக் கேக்க அவுக வாசிச்சது ஞாபகத்துக்கே வரமாட்டேங்கு. நீதான முப்பது வருசமா குத்திக்காட்டுன? பாடிக் காட்டு."

பாடலை நிறுத்திவிட்டு, மேசையில் தாளமிட்டுப் பாடினேன். பழக்கத்தினால் சரியாகவே நுழைந்தேன்.

"அப்படி இல்லட்டி!"

மறுபடி தொடங்கினேன். இம்முறை, தாளமிட்ட என் விரல்கள் தடுத்தும், அரைத் தாளம் முன்னதாக நுழைந்தேன்.



"அவுக வாசிச்சது தப்புதான்ட்டி," என்றாள் ஜெபமணி. "இன்னொருக்கா பாடு."