கிளாம்பு பிடித்த பிடி

மரவில்லின் நுனியில் நாண் மரத்தை அறுக்காமல் இருக்க, ஒரு மாட்டுக் கொம்புத் துண்டைப் பசை தடவி ஒட்டி, அது காயும்வரை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பை மாட்டியிருந்தார்கள். கிளாம்பு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டே போனது. ஓரத்தில் பசை பிதுங்கி வழிந்தது.

“போதும் அண்ணே. நான் முழுக்க வெளியே வந்துவிட்டால் கொம்பை யார் பிடிப்பது?” என்றது பசை.

“நான் எதற்கு இருக்கிறேன்?” என்றது கிளாம்பு.

“அம்பு விடும்போதும் இங்கேயே தொங்கிக்கொண்டிருப்பீர்களா?”

கிளாம்புகளுக்குச் சந்தேகம் வருவது அபூர்வம். இதற்கு வந்தது. அரைச் சுற்று தளர்ந்துகொடுத்தது.

மறுநாள் கிளாம்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வில்லில் நாணேற்றி இழுத்துப் பார்த்தார்கள். கொம்பு அசையவில்லை.

“பார்த்தாயா, நான் பிடித்த பிடி அப்படி,” என்று பக்கத்திலிருந்த அரத்திடம் சொன்னது கிளாம்பு.

பசைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கொம்பு கழன்றுவிடுமே என்று அடக்கிக்கொண்டது.