கொல்லைக் காவல்

அணில் கடித்துப் போட்ட தக்காளியைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள் சௌந்தரம்.

“கைல கம்பு வச்சிக்கினு இங்கதான உக்காந்திருக்கீங்க மாமா? கண்ணெதிர்லயே தின்னுட்டுப் போயிருக்கு!”

கலியமூர்த்தி பழத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

அவர் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது.

மார்கழியில் ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்து, விடிந்து பார்த்தபோது காடாம்புலியூரில் அவர்கள் தோப்புப் பலா மரங்கள் அத்தனையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரம் அறுக்க ஆள் வந்த அன்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவர்தான். அப்புறம் தோப்புப் பக்கமே போகவில்லை. கேட்டதற்கு ஒரு ‘ம்’, இல்லாவிட்டால் ஒரு ‘வேணாம்’.

முன்பெல்லாம் அவர் பேச ஆரம்பித்தால், பழம் வாங்க வந்த வியாபாரி விலை கேட்பதையே மறந்து நிற்பான்.

கொல்லையில் பாத்தி கட்டித் தக்காளியும் கத்தரியும் போட்டது சௌந்தரம்தான். குழம்புக்கு ஆகும். காவலுக்கு என்று சொல்லி அவரையும் வெளியே கொண்டுவந்து உட்கார வைக்கலாம்.

காய் சிவக்கத் தொடங்கியதும் அணில்கள் வந்துவிட்டன. பழைய மீன்வலை ஒன்றைக் கடலூரிலிருந்து வாங்கி வந்து, பாத்தியை மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்து அழுத்தினாள். அப்படியும் பழம் போய்க்கொண்டேயிருந்தது. ஓட்டை எங்கே என்று வலையைத் தடவித் தடவிப் பார்த்து அலுத்துப் போனாள்.

இன்றைக்கு ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். கடை பூட்டியிருந்தது. உடனே திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது கொல்லையில் பேச்சுக் குரல் கேட்டது.

யார் வந்திருக்கிறார்கள் என்று கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

வலையின் ஒரு மூலையைத் தூக்கி, காவல் கம்பால் முட்டுக் கொடுத்திருந்தது. செடிகளுக்குள் இரண்டு அணில்கள். அவற்றுக்கு எதிரே குத்துக்காலிட்டுக் கலியமூர்த்தி.

“இந்நேரத்துக்குச் சொள சொளயா தின்னுக்கினு இருப்பீங்க. கெணத்து மேட்டு மரம் இருக்குதே, தேனு. வேலியோரத்தது கொஞ்சம் சப்புனு இருக்கும், அதான் நீங்க அதுல ஏறவே மாட்டீங்க. எல்லாம் போச்சி. இது புளிக்கும்தான். இன்னா பண்றது, தின்னுங்க.”

அடுத்த மரத்தைச் சொன்னார். அதற்கடுத்ததைச் சொன்னார். நடுவில் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் தொடர்ந்தார்.

சௌந்தரம் கால் சத்தம் கேட்காமல் பின்வாங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் உள்ளே போகக்கூடாது என்று வெயிலிலேயே நின்றாள்.

எதிர் வீட்டு லோகநாயகி பார்த்துவிட்டு, “இன்னாக்கா வெளியவே நிக்கிற? ஊட்ல யாராச்சும் வந்திருக்காங்களா?” என்றாள்.

“ஆமாண்டி. மாமாவுக்குத் தெரிஞ்சவங்க,” என்றாள் சௌந்தரம். “பேசிக்கினு இருக்காங்க.”