பின் இருக்கைக்கு அடியில்

பின் இருக்கையைத் தானே தூக்குவதாகச் சொன்னார் வெர்னன் ஹெல்ம்ஸ்.

தலைமை நடுவர் டார்லா சிரித்தாள். "அந்த வேலையில உங்களுக்கு என்னதான் ஆசையோ."

அமெரிக்காவின் இண்டியானாவில், கார் கண்காட்சிக் கொட்டகையில் ஆகஸ்ட் வெயில் தகரத்தின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் பெரிய எஞ்சின் பூட்டிய ஆரஞ்சு நிற மசில் கார், 1970 மாடல். ஒருமுறைகூடப் பிரித்துப் புதுப்பிக்கப்படாதது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நடுவர்களின் வேலை. யாராவது கைவைத்திருந்தால் மதிப்பெண் குறையும்.

இதுவரை எதுவும் குறையவில்லை. பெயின்ட்டின் கனம் சரி. கண்ணாடிகளில் இருந்த தேதி முத்திரை சரி. எஞ்சின் எண் சரி.

"இப்படி ஒரு வண்டியைப் பாத்துப் பத்து வருஷமாச்சு" என்றாள் டார்லா.

வெர்னனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டிச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்க்காமலிருக்க அவர் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

லூஷியஸ் பெட்வேக்கு வயது எழுபத்தெட்டு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். "முதல் நாள்லருந்து என்கிட்டதான் இருக்கு. பின் சீட்டைக் கழட்டினதே இல்லை. என் பொண்டாட்டி அதுல யாரையும் சாப்பிட விட்டதில்லை. ஐஸ்கிரீமோட வந்தா, நடந்தே வீட்டுக்கு வாங்கன்னுடுவா."

"அப்ப எலிக்கும் பட்டினிதான்" என்றாள் டார்லா.

வண்டிக் கதவைத் திறந்தபடி கேட்டார் வெர்னன். "பின்னாடி உட்கார்ந்து போனவங்க யாருக்காவது எப்பவாவது அடிபட்டிருக்கா?"

லூஷியஸ் புருவத்தைச் சுருக்கினார். "என்ன கேள்வி இது? ஒரு கீறல்கூட இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

வெர்னன் உள்ளே குனிந்து இருக்கையை முழங்காலால் தள்ளித் தூக்கினார். வரவில்லை. கை வழுக்கியது. இரண்டாவது முறை கிறீச்சென்று கழன்று வந்தது.

தூசி. ஒரு கொண்டை ஊசி. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே பழுப்பேறிய தாள், வண்டி உருவானபோது தொழிற்சாலையில் செருகியது. டார்லா அதை இரண்டு விரலால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

வெர்னன் தாளைப் பார்க்கவில்லை. டார்ச்சை இடது ஓரத்துக்குத் திருப்பினார். சீட் பெல்ட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட் அங்கே இருந்தது.

அதன் தலை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி நின்றது. இரண்டு சுற்று மட்டுமே உள்ளே போயிருந்தது.

டார்லாவும் எட்டிப் பார்த்தாள். "அடடா. இதை யாரோ கழட்டியிருக்காங்க, சார். மார்க் குறைக்கணும்."

"நான் தொடலைம்மா" என்றார் லூஷியஸ். கட்டியிருந்த கைகள் பிரிந்தன. "யாரையும் தொட விட்டதுமில்லை."

டார்லா பேனாவைத் திறந்தாள். இந்த மாதிரி வார்த்தைகளை அவள் நிறையக் கேட்டிருந்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். லூஷியஸ் பொய்க்காரராக வீடு திரும்புவார். வெர்னனுக்கு ஒன்றும் ஆகாது.

"குறைக்காதீங்க, டார்லா. அது ஃபேக்டரியிலருந்தே அப்படித்தான் வந்துச்சு."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

வெர்னன் லூஷியஸின் பக்கம் திரும்பினார்.

"ஃபோர்மன்" என்றார். அந்தச் சொல்லால் லூஷியஸை அவர் அழைத்ததே கிடையாது. "நான் வெர்னன். ஃபேக்டரியில உங்களுக்குக் கீழ சீட் பெல்ட் மாட்டுற வேலை பாத்தவன். இது உங்க வண்டின்னு தெரிஞ்சுதான் முறுக்காம விட்டேன்."

அப்போது வெர்னனுக்கு இருபத்திரண்டு வயது. தனக்கென்று நினைத்திருந்த ஃபோர்மன் வேலை, அந்தத் தொழிற்சாலையிலேயே முதன்முறையாக ஒரு கறுப்பருக்கு, லூஷியஸுக்கு, போன மாதம் அது. லூஷியஸ் தனக்கென்று பதிவு செய்திருந்த வண்டியும் அந்த மாதமே வெர்னனின் கைக்கு வந்தது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று வந்தபோது வண்டி லாரியேறிப் போயிருந்தது. லூஷியஸிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரமே வேலையை விட்டார். இந்த இருபது வருடங்களாகச் சம்பளமில்லாத நடுவராக ஊர் ஊராகப் போய், அந்த ஒரு வண்டியைத் தேடி, அந்த வருடத்து வண்டி ஒவ்வொன்றிலும் பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடமை தவறாத மனிதர் என்று அதற்காக இரண்டு கேடயங்கள் கொடுத்திருந்தார்கள்.

 லூஷியஸ் குனிந்து ஒற்றை விரலால் போல்ட்டைத் தள்ளினார். அது சுலபமாகச் சுழன்றது.

"என் பேத்திங்க ரெண்டு பேரும் காலைல இந்த பெல்ட்டைப் போட்டுக்கிட்டுதான் வந்தாங்க."

டார்லா கருவிப்பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"சார், இப்படியே விட்டா முழு மார்க். இந்த ஷெட்லயே உங்க வண்டிதான் முதல். ஸ்பேனர் பட்டுட்டா எழுதித்தான் ஆகணும்."

"எழுதிக்கோம்மா" என்றார் லூஷியஸ். "அதை அவன்கிட்ட குடு."

வெர்னன் வாங்கிக்கொண்டு மண்டியிட்டார். ஸ்பேனர் போல்ட்டின் தலையில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை பிடித்தது.

"முறுக்கு" என்றார் லூஷியஸ். தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பேசிப் பழகிய அதே குரல். "நான் போதும்கிற வரைக்கும்."