உள்ளறை இருமல்

உள்ளறையில் இருமல் கிளம்பியதும் அவள் பதறித் திரும்பினாள். சட்டென்று டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

வாசலில் நின்ற ஆய்வுக்காரப் பெண் சிரித்தாள். "பயப்படாதீங்கக்கா. கரி எரிச்சு கரண்ட் எடுக்கிறதால ஜனங்களுக்கு என்னென்ன பாதிப்புன்னு கணக்கெடுக்கிறோம். உங்க வீட்டுல யாருக்காவது மூச்சுத் திணறல், விடாத இருமல்?"

"யாருக்கும் இல்லம்மா. எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்."

"பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சு விடவே திணறுதுக்கா. மின் நிலையத்து டாக்டர் வெறும் சளின்னுட்டாராம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அடுப்புல வேலை கிடக்கு."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினாள். தலையணையில் வாயைப் புதைத்துக் கிடந்த கணவரைத் தூக்கி உட்காரவைத்தாள்.

"அவளுக்குக் கேட்டிருக்குமா?"

"இல்லைங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், வாங்க."

"வாயை மூடு! வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும். புகையால யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நாளைக்கு ஊர்க் கூட்டத்துல நான்தானே சொல்லணும்? மின் நிலையத்து டாக்டரே இப்படி இருமினா எவன் நம்புவான்?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இழுத்தது. உதடுகள் நீலம் பாரித்தன. அதுவரை இருந்த பயம் போய், அதைவிடப் பெரிய பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஓடினாள்.

"அம்மாடி, நில்லு! நான் சொன்னதெல்லாம் பொய். என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது. ஒரு கை பிடி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்!"