முன்வாசல் சண்டை

“இது நிவாரணமா? லஞ்சம்! அடுத்த எலக்சனுக்கு இப்பவே குடுக்கிற லஞ்சம்!”

கருவாட்டு வியாபாரி தாஹிர் நானா தொடங்கிவிட்டார். காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு சோமசேகரம் வீட்டு முன்வாசலில் வந்து நின்று இதே பாட்டுத்தான், ஒரு கிழமையாக.

இறக்கக்கண்டியில் கொலரா வந்ததென்னவோ நாலைந்து பேருக்குத்தான். ஆனால், மீனில் கொலரா இருக்கிறதென்ற கதை திருகோணமலைச் சந்தை வரைக்கும் போய்விட்டது. மீன் வாங்க ஆளில்லை. வள்ளங்களெல்லாம் கரையேறிவிட்டன.

அரசாங்கம் மாவும் பருப்பும் அனுப்பியது. கூட்டுறவுச் சங்கக்கடையில் இடமில்லையென்று மூட்டைகளை நிவாரணக் குழுத் தலைவர் சோமசேகரத்தின் வீட்டு அறையில் அடுக்கினார்கள். அவர் முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிடுவார். மனைவி புஸ்பராணி உள்ளேயிருந்து அளந்து கொடுப்பாள்.

சோமசேகரம் சிவப்புக் கட்சி. சிவப்புக்கு அப்போது அரசாங்கத்தில் பங்கு. தாஹிர் நானா பரம்பரைப் பச்சை, எதிர்க்கட்சி. பிறகு கேட்கவா வேண்டும்?

“சனம் பட்டினி கிடக்குது, உங்களுக்கு அரசியலோ நானா?”

“பட்டினி போட்டது ஆரு? அரிசியக் கண்ணுலயும் காட்டாம, மாவக் கொண்டுவந்து கொட்டினாச் சரியா, தோழரே?”

அந்தத் ‘தோழரே’யில் பாதி நக்கல்.

தேத்தண்ணிக் கடை காலியாகிவிடும். ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் முன்வாசலில்தான். வேலையில்லாத ஊருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? உள்ளதைச் சொன்னால், கூட்டத்தைக் கண்டால் சோமசேகரத்துக்கும் வாய் நிற்காது. மாவில் தொடங்கி உலக முதலாளித்துவத்துக்குப் போய்த் திரும்பி வர மத்தியானமாகிவிடும். அதுவரைக்கும் விநியோகம் நிற்கும்.

ஆனால் மனதுக்குள் அவருக்குப் பெரிய கவலை. கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் வந்து வாங்கிப் போனார்கள். வள்ளம் வைத்திருந்தவர்கள் ஒருத்தரும் வரவில்லை. நோன்பு காலத்தில் மற்றவர்களுக்கு அரிசி அளந்து கொடுத்த வீடுகள் அவை. தங்களிடம் வாங்கினவர்களுக்கு முன்னாலேயே வந்து கையேந்துவார்களா?

வள்ளக்கார ஸஹாப்தீனைக் கூப்பிட்டும் கேட்டுப்பார்த்தார்.

“எங்களுக்கு என்னத்துக்கு? இல்லாதவங்களுக்குக் குடுங்க” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார் அவர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான் என்பது சோமசேகரத்துக்குத் தெரியும்.

எல்லாம் இந்தத் தாஹிரால் வந்த வினை! லஞ்சம், பிச்சை என்று இந்த மனுசன் முழங்கினால் மானமுள்ளவன் எப்படி வருவான்?

வெள்ளிக்கிழமை லொறி வரும். மூட்டை மிஞ்சியிருந்தால், இந்த ஊருக்குத் தேவையில்லை என்று ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு நிவாரணமும் நின்றுவிடும். மிஞ்சிக் கிடக்கும் மூட்டைகளைப் பார்க்க மனமில்லாமல் அந்த அறைப் பக்கம் போவதையே அவர் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். பதில் சொன்னால்தானே சண்டை? வாயைத் திறப்பதில்லை.

தாஹிர் நானா வந்தார். கூட்டமும் வந்தது. ஸஹாப்தீனும் வழக்கம்போல் முன்வரிசையில்.

“என்ன தோழரே, ஒங்கட சர்க்கார் இனிமேக் காத்தையும் கூப்பனுக்குத்தான் குடுக்குமாமே?”

கூட்டம் சிரித்தது. சோமசேகரமும் சிரித்தார். பேசவில்லை.

“சிவப்புச் சாயம் வெளுத்துப் போச்சா?”

பேசவில்லை.

தாஹிர் நானாவின் முகம் வாடிப்போயிற்று. “ஏதாச்சும் சொல்லுங்களேன், தோழரே” என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

ம்ஹும்.

சண்டையில்லாத இடத்தில் சனத்துக்கு என்ன வேலை? ஒவ்வொருவராய்க் கலையத் தொடங்கினார்கள். ஸஹாப்தீனும் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

சோமசேகரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

“புஸ்பம், வாயைத் திறக்காமலே அந்த மனுசனைத் தோற்கடிச்சுப்போட்டன்!”

சொல்லிக்கொண்டே அறையை எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டுப்போனார். ஒரேயொரு மூட்டைதான் இருந்தது.

“ஐயோ, மற்ற மூட்டையள் எங்க?”

பதறிக்கொண்டு குசினிக்கு ஓடினார். பின்கதவடியில் நின்ற ஒரு பெண் அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கையிலிருந்த மாப் பையைச் சேலைக்குள் மறைத்தபடி வேலிக் கடப்பால் நுழைந்து போய்விட்டாள். முகம் தெரியாவிட்டாலும் போன திசை தெரிந்தது. வள்ளக்காரர் வீடுகள் இருக்கும் பக்கம்.

புஸ்பராணி கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு முறைத்தாள்.

“இண்டைக்கெண்டு பார்த்து வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்களே! ஊர் ஆம்பிளையள் முன்வாசல்ல நிண்டாத்தானே வள்ளக்காரற்ற பெண்டுகள் ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் பின் ஒழுங்கையால வந்து போக ஏலும்?”

சோமசேகரம் முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். “தாஹிர் நானாவுக்கு... இது தெரியுமோ?”

“தெரியுமோவோ? அவற்ற ஏற்பாடுதானே! ‘பொம்பிளையளை நீங்க பாருங்க தங்கச்சி, ஆம்பிளையளை நான் பாக்கிறன். அரசாங்கத்தை ஏசுறதுக்கு எனக்கு ஆரும் சொல்லித்தர வேணுமா’ எண்டு கேட்டவர்.”

அவள் பின்வேலியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஸஹாப்தீன்ட பெஞ்சாதி றஹ்மா பூவரசுக்குப் பின்னால ஒதுங்கி நிக்கிறா. புருசன்காரன் வீட்டுக்குப் போய்ச் சேர முதல், கெதியா ஓடிப்போய்த் தாஹிர் நானாவோட நல்ல உரப்பா ஒரு சண்டை பிடியுங்கோ!”