செவலையின் சம்மதம்

கிணத்துக்கடவில் தென்னைகளுக்கு இடையே சாய்ந்து வரும் மாலை வெயில் மாட்டுக் கொட்டகையின் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. செவலைப் பசுவின் கண்ணில் படாமல் வெளிச்சுவரோரம் ஒளிந்து நிற்கிறாள் ருக்குமணி. பக்கத்தில் மகள் நந்திதா, காரில் எங்கே போகலாம் என்று கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். “வால்பாறைம்மா?” “சாயங்காலம் பால் கறக்கத் திரும்பீரலாம்.” “மேகமலை?” “ராத்தங்கோணுமே கண்ணு.” “தனுஷ்கோடி?” இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் அந்தச் சாலையின் படத்தை ருக்குமணி கையில் வாங்கிப் பார்க்கிறாள். அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவளைத் தவிர வேறு யார் மடியைத் தொட்டாலும் செவலை உதைக்கும். உள்ளே அவள் கணவர் அங்கப்பன், அவளுடைய துவைக்காத பூப்போட்ட சேலையை முக்காடிட்டுக்கொண்டு, பால் கறக்கும் போசியோடு பசுவின் அருகே குந்துகிறார். முக்காட்டுக்கு வெளியே மீசை மட்டும் தெரிகிறது. நந்திதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. “கம்முனு இரு அம்மணி, அது கண்டுபிடிச்சுப்போடும்” என்று கிசுகிசுக்கிறார் அவர். செவலை கழுத்தைத் திருப்பிச் சேலையை முகர்கிறது. ஒரு காது ஆடுகிறது. பின்னங்கால் லேசாக எழுந்து, மறுபடி தரையில் ஊன்றுகிறது. அது நிதானமாகத் தீவனத்துக்குத் திரும்புகிறது. போசியின் அடியில் சர்ரென்று பால் விழுகிற சத்தம். ருக்குமணி எட்டிப் பார்க்கவில்லை. படத்தின் மேல் விரலை வைத்தபடி, மிக மெதுவாகக் கேட்கிறாள்: “ஏங்கண்ணு, அந்தத் தண்ணியில காலு நனைக்க உடுவாங்களா?”