வெள்ளை வரி

“அந்தப் பூவுக்கு என் பேரைத்தான் வைக்கணும், முதலாளி.”

நர்சரியில் எதையும் கேட்டுவிடாதே என்று, அங்கேயே ஒட்டுக் கட்டும் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சிவப்பு ரோஜாச் செடியில் ஒரே ஒரு கிளை வெள்ளை வரியோடு பூத்ததை முதலில் கண்டவள் முனிரத்னா. தாவரவியல் படித்தவள்; அந்தக் கிளையை ஒட்டுக் கட்டினால் புது ரகமே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“எந்தப் பூம்மா? கிளைதான் காத்துல ஒடிஞ்சுபோச்சே,” என்று சிரித்தார் முதலாளி.

புது ஒட்டுச் செடிகளை வைக்கும், நேற்றுவரை திறந்து கிடந்த நிழல்வலைக் கூடாரத்தில் இன்று பூட்டு. அவள் செடியருகே குனிந்தாள். காற்று இவ்வளவு வழவழப்பாகவா வெட்டும்? வெட்டின் சாய்வு வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கியிருந்தது. அங்கே கத்தி பிடிப்பவர்களில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

“நீயாம்மா?” பக்கத்தில் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள்.

“படிச்ச திமிரு. வாயை மூடிட்டு வீட்டுக்குப் போடி,” என்றாள் அம்மா, நிமிராமல்.

முனிரத்னா கேட்டைத் தாண்டினாள். கிளையைத் திருடியதாக அவள் கொடுக்கப்போகும் புகாரில் எழுத வேண்டிய இரண்டு பெயர்களும் முடிவாகியிருந்தன.